ஒன்பதாம் எண்ணுக்கு ஏன் சிரிக்கிறார்கள்? அரசுப் பள்ளியில் பாலினச் சீண்டலைத் தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. ஏழு, உள்ளேன் ஐயா. எட்டு, உள்ளேன் ஐயா. அடுத்த எண் வரும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு களுக். ஒன்பது என்பது திருநங்கைகளையும் நளினமான ஆண்களையும் இழிவாகச் சொல்லும் பட்டப்பெயர். அந்த எண்ணுக்குரிய பிள்ளை யாராக இருந்தாலும் கொஞ்சம் கூனிக்குறுகித்தான் எழுந்து நிற்கும். பெண் சாயலோடு நடக்கிற ஒரு பையன் அதே வகுப்பில் இருந்துவிட்டால், எண் யாருடையதாக இருந்தாலும் எல்லாத் தலையும் அவன் பக்கம்தான் திரும்பும். ஆசிரியர் "சைலன்ஸ்" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டுப் பத்துக்குப் போய்விடுவார். நானும் பல வருடம் அப்படித்தான் பத்துக்குப் போயிருக்கிறேன்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளே படித்தாலும் புரியும். இரண்டு சொற்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வோம். தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ ஒருவர் உள்ளுக்குள் உணர்வது பாலின அடையாளம். யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பது பால் ஈர்ப்பு. நளினமாக நடக்கிற பையன் திருநங்கையாக இருக்க வேண்டும் என்பதில்லை. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்ணுக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பதுமில்லை. ஆனால் சீண்டுகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. தோற்றம், நடை, குரல், இது போதும் அவர்களுக்கு.

2019ல் யுனெஸ்கோ, சென்னையில் இயங்கும் சகோதரன் அமைப்போடு சேர்ந்து தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டது. பால், பாலினச் சிறுபான்மை இளைஞர்களிடம் பள்ளிக்கால அனுபவங்களைக் கேட்டார்கள். 60 விழுக்காட்டினர் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் படித்த காலத்தில் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பள்ளியிடம் முறையிட்டவர்கள் 18 விழுக்காடுதான். மிச்சப் பேர் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சொன்னால் வரும் முதல் கேள்வி என்னவென்று அவர்களுக்குத் தெரியும்: "நீ ஏன் அப்படி இருக்கே?"

அந்தக் கேள்வியைக் கைவிட்டால் மற்ற படிகள் எல்லாம் தானாகவே எளிதாகும். விசாரிக்க வேண்டியது பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் செய்தார்கள், எங்கே, எத்தனை தடவை என்பதை. பிள்ளை யார் என்பது விசாரணைக்குள் வரவே வேண்டாம். திருநங்கையோ இல்லையோ, அடிபட்டிருந்தால் அடி அடிதான்.

முதல் படி: பதிவேட்டையும் மணியையும் பாருங்கள்

இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் பள்ளியின் அன்றாடத்தில் தடயம் இருக்கும். வருகைப் பதிவேட்டை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தால், விளையாட்டுப் பீரியட் வரும் நாட்களில் மட்டும் ஒரு பிள்ளை வராமலிருப்பது தெரியும். வாரம் இரண்டு நாள் அதே கிழமையில் வயிற்றுவலி வருகிறதென்றால் அது வயிற்றுக் கோளாறு இல்லை.

இன்னொன்று கழிப்பறை. இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் ஓடுவார்கள். இவன் போக மாட்டான். மணி முடிந்து வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து "சார், பாத்ரூம்" என்று நிற்பான். நாம் என்ன செய்வோம்? "இவ்வளவு நேரம் என்னடா பண்ணினே" என்று திட்டி உட்கார வைப்போம். கூட்டமாக இருக்கும் நேரத்தில் அங்கே போனால் கதவைத் தட்டுவார்கள், மேலே எட்டிப் பார்ப்பார்கள், "காட்டுடா பாக்கலாம்" என்பார்கள். அதனால்தான் போகவில்லை. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கிற பிள்ளைகளும் உண்டு. தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதை ஒரு பிள்ளை நிறுத்தியிருந்தால் அதையும் கவனியுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கம், டெஸ்க்கில் கீறிய எழுத்து, கழிப்பறைச் சுவர். இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை ஒரு பார்வை பார்த்தால் போதும், பள்ளியில் யார் குறிவைக்கப்படுகிறார்கள் என்று தெரிந்துவிடும். சுவரில் எழுதியிருப்பதை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் போட்டோ, அப்புறம் வெள்ளையடிப்பு.

இரண்டாம் படி: கேட்ட அந்த நிமிடத்தில்

பட்டப்பெயர் காதில் விழுந்த அந்தப் பத்து விநாடிதான் முக்கியம். வகுப்பு முழுவதும் ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கும். சிரித்துவிட்டால் போச்சு. கேட்காதது போல நடித்தாலும் போச்சு, அனுமதி கிடைத்துவிட்டதென்று அர்த்தம்.

நான் செய்வது இது. நடத்திக்கொண்டிருப்பதை நிறுத்துவேன். குரலை உயர்த்த மாட்டேன். "அந்தச் சொல்லை இந்த வகுப்பில் யாரும் யாரையும் சொல்லக் கூடாது. அது கிண்டல் இல்லை, அவமானம். வகுப்பு முடிந்ததும் நீ என்னைப் பார்." அவ்வளவுதான். பேச்சு சொன்னவனை நோக்கித்தான் இருக்க வேண்டும், கேட்டவனை நோக்கி இல்லை. "பாவம்டா அவன், விடுங்கடா" என்று இரக்கப்பட்டுச் சொல்வது நல்ல எண்ணம்தான். ஆனால் அது முழு வகுப்பையும் மறுபடி அவன் பக்கம் திருப்பிவிடும். அவன் பெயரையே எடுக்காமல் முடியுங்கள்.

"ஒன்பதுன்னு நம்பரத்தானே சார் சொன்னேன்" என்று ஒருவன் வாயடிப்பான். அவனோடு வாதாட வேண்டாம். மறுநாளிலிருந்து எண்ணை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிப் பதிவு எடுங்கள். நாற்பது பெயருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும், போகட்டும்.

ஆசிரியர்களான நம் வாயையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. "ஆம்பள மாதிரி நில்லு", "வளையல் போட்டுக்கோ", "பொண்ணு மாதிரி அழாதே" இதெல்லாம் ஸ்டாஃப் ரூமிலும் மைதானத்திலும் சர்வசாதாரணமாக வருகிற வார்த்தைகள். பிள்ளைகள் அகராதி பார்த்துப் பட்டப்பெயர் கற்றுக்கொள்வதில்லை. இன்னொரு கொடுமை ஆண்டு விழா. நடனத்துக்கும் பெண் வேடத்துக்கும் அந்தப் பையனைத் தேடிப் பிடிப்போம், கைதட்டுவோம். மறுநாள் காலை வழிபாட்டில் "ஏண்டா நெளியுறே" என்று அதே பையனைத் தனியே நிறுத்துவோம்.

மூன்றாம் படி: பிள்ளையோடு பேசும்போது

தனியாகக் கூப்பிட வேண்டும். ஆனால் மூடிய அறையில் வேண்டாம். மரத்தடி, நூலக மூலை, வராண்டா, மற்றவர்கள் பார்க்க முடியும் ஆனால் கேட்க முடியாது என்கிற இடம். "உன்னை யாராவது தொந்தரவு பண்றாங்களா? கழிப்பறைப் பக்கம் ஏதோ நடக்குதுன்னு எனக்குத் தோணுது" என்று நீங்கள் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள். உடனே பதில் வராது. வராவிட்டால் "சரி, எப்ப வேணும்னாலும் வந்து சொல்லு" என்று விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். இரண்டாவது தடவைதான் பெரும்பாலும் பேச்சு வரும்.

மூன்று கேள்விகளைக் கேட்கவே கூடாது. நீ பையனா பொண்ணா, எப்போதிலிருந்து இப்படி, வீட்டில் தெரியுமா. முதல் இரண்டும் நமக்குத் தேவையற்றவை. மூன்றாவது பயமுறுத்தும். பிள்ளை தானாகவே தன்னைப் பற்றிச் சொன்னால், "நீ என்கிட்ட சொன்னது நல்லதுதான்" என்று ஏற்றுக்கொண்டு, இது யார் யாருக்குத் தெரியலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், எங்கே அப்படிக் கூப்பிடக் கூடாது என்பதையும் கேளுங்கள். தனியே பேசும்போது ஒரு பெயரும் வகுப்பில் பழைய பெயரும் போதும் என்று சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு அவர்களுடையது.

ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்துவிடாதீர்கள், ஏனென்றால் உங்களால் அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். "நீ சொல்றதை நான் ஸ்டாஃப் ரூமில் பேச மாட்டேன். ஆனா உன் உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்துன்னா, யாராவது தப்பா தொட்டிருந்தா, நான் சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிற்பாடு துரோகமாகத் தெரியாது. சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதை ஒருபோதும் மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே பிள்ளையைத் தனியே விடாமல், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416லோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ பேசுங்கள்.

நோட்டுக்குள் ஒரு கடிதம் கிடைத்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டில் இன்னொரு பெண்ணுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. மிஸ் படிக்கிறார், இன்னொரு மிஸ்ஸிடம் காட்டுகிறார், மாலைக்குள் இரண்டு வீட்டுக்கும் போன் போய்விடுகிறது. மறுநாள் ஒருத்தி வரவில்லை. ஒரு மாதத்தில் மாமன் மகனோடு நிச்சயம் என்று கேள்விப்படுகிறோம். கண்டிப்போடு நடந்துகொண்டதாகப் பள்ளி நினைத்துக்கொண்டிருக்கும். நடந்தது ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்ததுதான்.

கடிதத்தை மடித்து, உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "இதைப் பத்திரமா வச்சுக்கோ, பள்ளிக்குக் கொண்டுவராதே" என்பதற்கு மேல் பேச வேண்டியதில்லை. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, மிரட்டவில்லை என்றால் அதில் பள்ளி விசாரிக்க எதுவுமில்லை. ஏற்கெனவே வீட்டுக்குத் தெரிந்து திருமண ஏற்பாடு நடக்கிறதென்றால், 18 வயதுக்குக் கீழே அது குழந்தைத் திருமணம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். அழைப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

நான்காம் படி: எழுதி வையுங்கள்

நினைவிலிருந்து சொன்னால் "எப்போ, யாரு, சாட்சி யாரு" என்ற மூன்றே கேள்வியில் புகார் செத்துவிடும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடம், சொன்ன சொல் அப்படியே, உடனிருந்தவர்கள், பிறகு நடந்தது. அசிங்கமான சொல் என்று நாகரிகமாக மாற்றி எழுதாதீர்கள். "தகாத வார்த்தை" என்று எழுதினால் அது எதுவாகவும் இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் மீம் போட்டிருந்தால், எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படம் பாலியல் ரீதியானது என்றால் மட்டும் அதை எடுக்கவும் பரப்பவும் கூடாது. அந்தப் போனோடு காவல்துறைக்குத்தான் போக வேண்டும்.

ஐந்தாம் படி: எழுத்தில் புகார்

வாய்மொழியாகச் சொன்னால் "பாத்துக்கறேன்" என்பதோடு முடியும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள். பெற்றோர் எழுதும் புகார் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"ஐயா / அம்மா, என் மகன் தங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறான். கடந்த ஜூலை 8, 11, 15 தேதிகளில் மதிய இடைவேளையில் ஆண்கள் கழிப்பறை அருகே அதே வகுப்பு மாணவர்கள் மூவர் அவனுடைய நடையையும் குரலையும் கேலி செய்து, இழிவான பெயரிட்டு அழைத்து, சட்டையைப் பிடித்து இழுத்துள்ளனர். விவரம் தனித்தாளில் உள்ளது. இதனால் அவன் பள்ளிக்கு வர அஞ்சுகிறான். இதை விசாரித்து, மீண்டும் நடக்காதபடி இடைவேளையில் கண்காணிப்பு ஏற்படுத்தி, எடுத்த நடவடிக்கையை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். என் மகனின் வகுப்பையோ பிரிவையோ மாற்ற வேண்டாம்."

கவனியுங்கள், மகன் யார் என்று இதில் ஒரு வரிகூட இல்லை. நடையும் குரலும் கேலி செய்யப்பட்டன என்பது மட்டும் இருக்கிறது. கடைசி வாக்கியம் தேவையில்லாதது போலத் தெரியும். ஆனால் பள்ளிகள் முதலில் செய்வது பாதிக்கப்பட்டவனைப் பக்கத்துப் பிரிவுக்கு மாற்றுவதுதான். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது தண்டனை.

பெற்றோரிடம் சொல்ல முடியாத பிள்ளைகள் என்ன செய்வது? அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டி ஒரு வழி. பெயரில்லாமல் எழுதிப் போடலாம். ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இன்னொரு வழி. 18 வயதுக்குக் கீழ் உள்ள எவரும் 1098ஐ நேரடியாக அழைக்கலாம்.

ஆறாம் படி: தலைமை ஆசிரியர் செய்ய வேண்டியது

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தரப்பையும் அறைக்குள் ஒன்றாக நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வது. மூன்று பேர் அடித்து ஒருவன் வாங்கியிருக்கிறான். இதில் சமாதானம் என்பதற்கு என்ன பொருள்? அந்தக் கைகுலுக்கல் முடிந்த அன்று மாலையே கேட்டுக்கு வெளியே பாக்கி கணக்கு தீர்க்கப்படும். காலை வழிபாட்டில் மைக்கைப் பிடித்து "நம்ம பள்ளியில் ஒரு மாணவனை..." என்று அறிவுரை சொல்வதும் வேண்டாம். பெயர் சொல்லாவிட்டாலும் எழுநூறு பேருக்கும் யாரென்று தெரியும்.

தனித்தனியே கேளுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில், அப்புறம் சாட்சிகளிடம், கடைசியில் செய்தவர்களிடம். செய்த பிள்ளைகளும் பிள்ளைகள்தான், அதனால் பிரம்பை எடுப்பதில் அர்த்தமில்லை, சட்டமும் விடாது. பெற்றோரை வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, மறுபடி நடந்தால் அடுத்து என்ன என்பதை எழுத்தில் கொடுங்கள். பெரும்பாலும் கூட்டத்தில் ஒருவன்தான் ஆரம்பிப்பவன், மற்றவர்கள் சிரிப்பவர்கள். சிரிப்பவர்களைப் பிரித்துவிட்டால் ஆரம்பிப்பவனுக்கு ஆர்வம் குறைந்துவிடும். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் சும்மா நடந்துகொண்டிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நிற்கும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, ஒரு முறைப்பட்டியல் போதும்.

சீண்டுபவர் ஆசிரியராகவே இருந்தால்? புகார் தலைமை ஆசிரியரோடு நிற்கக் கூடாது. தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அன்றே நகல் போக வேண்டும். சக ஆசிரியரைக் காட்டிக்கொடுப்பதா என்ற தயக்கம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. எழுதியது நடந்ததை மட்டும்தான் என்றால் தயங்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: கையில் இருக்கும் சட்டம்

தலைமை ஆசிரியர் அறையில் "இதெல்லாம் பசங்க விளையாட்டு" என்று சொல்லும்போது எதிரே எடுத்து வைக்கச் சில விஷயங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009ன் 17ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது என்கிறது. ஆகவே "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்பது அந்த வகுப்புகளில் வெறும் மிரட்டல். பிள்ளையின் பொறுப்பில் இருக்கும் பெரியவரே அதைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டம் 2015ன் 75ஆம் பிரிவு வருகிறது.

திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) பிள்ளைகளுக்கு, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. கல்வி நிலையங்களில் பாகுபாடு கூடாது என்பது அதன் 3ஆம் பிரிவு. அரசு நிதியிலோ அங்கீகாரத்திலோ நடக்கும் பள்ளிகள் விளையாட்டு உட்பட எல்லாவற்றிலும் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 13ஆம் பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது 11. உங்கள் பள்ளிக்கு அந்த அலுவலர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சில சமயம் பதில் வருவதற்குள் நியமனம் நடந்துவிடும்.

பால் ஈர்ப்பைப் பொறுத்தவரை, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் வயதுவந்தோரின் விருப்பமான உறவைக் குற்றமில்லை என்றது பலருக்கும் தெரியும். பள்ளிக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று, சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட சுஷ்மா வழக்கில் கொடுத்த உத்தரவு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதில் கல்வி நிலையங்களுக்கென்றே ஒரு பட்டியல் தந்தார். பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச வேண்டும், பாலினப் பொதுக் கழிப்பறை வேண்டும், திருநர் மாணவர்கள் பதிவேட்டில் பெயரும் பாலினமும் மாற்றிக்கொள்ள வழி வேண்டும், விண்ணப்பங்களில் ஆண், பெண் தவிர மூன்றாவது கட்டமும் வேண்டும், இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் வேண்டும். அந்தப் பக்கங்களை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் பத்து நிமிடம் சொல்வதைவிட நீதிமன்ற முத்திரைக்கு அலுவலகங்களில் மரியாதை அதிகம்.

எட்டாம் படி: எது போக்ஸோ

இந்தக் கோட்டைத் தெரியாமல் கடந்துபோய் மாட்டிக்கொள்கிற தலைமை ஆசிரியர்கள் உண்டு. "இவன் ஆம்பளையா பாப்போம்" என்று கால்சட்டையை இழுப்பது, அந்தரங்க உறுப்பைத் தொடுவது, உடலைக் காட்டச் சொல்வது, படம் எடுப்பது, இவை குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்ஸோ சட்டத்துக்குள் வரக்கூடியவை. பள்ளிக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. அந்தச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோருக்கும் பொது. ஆண் பிள்ளைக்கும் திருநர் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமலிருப்பது 21ஆம் பிரிவில் குற்றம். நிறுவனத் தலைவர் தனக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. செய்தவரும் மாணவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

பிள்ளை பயப்படுவது காவல் நிலையத்துக்குத்தான். வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் வாங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்பதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். போலீஸ்காரர்களே கேலி செய்தால்? தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 2022ல் 24-சி என்று ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். பால், பாலினச் சிறுபான்மையினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. விதி எண்ணைச் சொல்லிக் கேட்கிறவரிடம் பேச்சின் தொனி மாறும்.

ஒன்பதாம் படி: பள்ளி அசையாவிட்டால்

ஏழு நாள் பொறுத்துப் பதிலில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அங்கேயும் இல்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். இதோடு இணையாக, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. அதற்கு மேலே சென்னையில் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம். எல்லா மனுவிலும் முந்தைய மனுவின் நகலை இணையுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவை மறந்துவிடுகிறோம். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து கழிப்பறைக் கண்காணிப்பைக் கூட்டப் பொருளாக வைத்தாலே தீர்மானமாகிவிடும். அங்கே பிள்ளையின் பெயரைச் சொல்லத் தேவையே இல்லை.

பத்தாம் படி: வீடு

ஆசிரியர்களுக்கு: பிள்ளை சீண்டப்படுகிறது என்று வீட்டுக்குச் சொல்லுங்கள். பிள்ளை யார் என்று சொல்லாதீர்கள். அதைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பது பிள்ளையின் முடிவு. பெல்ட்டால் அடி, சோறு நிறுத்தம், வீட்டை விட்டு ஓட்டம், இதெல்லாம் ஒரே ஒரு போன் காலில் தொடங்கியிருக்கிறது.

பெற்றோருக்கு: அரண்டு போவது இயல்புதான். யார் செய்த தப்பு, எந்தக் கிரகம் என்று தேடத் தோன்றும். பூசாரி, தாயத்து, "சரி பண்ணித் தருகிறேன்" என்கிற டாக்டர் என்று மட்டும் கிளம்பாதீர்கள். இப்படி மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. மனநல மருத்துவரிடம் போவதென்றால் பிள்ளையின் பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் போங்கள். வீட்டில் முதல் நாள் பேச வேறு ஒன்றும் வராவிட்டால், "ஸ்கூல்ல யாருடா உன்னை என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

பதினோராம் படி: அடுத்த ஜூனுக்குள்

2021ல் மத்திய அரசின் பள்ளிப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மேலிருந்து கையேடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய. ஒரே ஒரு தனிக் கழிப்பறையைப் பூட்டும் தாழ்ப்பாளும் சரிசெய்து "யாரும் பயன்படுத்தலாம்" என்று எழுதிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கட்டிய கழிப்பறை பல பள்ளிகளில் பழைய பெஞ்சு போடும் கிடங்காகக் கிடக்கிறது. அதைக் காலி செய்தால் இரண்டு தரப்புக்கும் உதவும். சத்துணவு வரிசையை ஆண், பெண் என்று பிரிக்காமல் வகுப்புவாரியாக விடுங்கள். கபடிக்கு வராதவனை ஓட்டத்துக்கோ கேரம் போர்டுக்கோ விடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் பட்டப்பெயரைப் பற்றிப் பேசும்போது சாதிப் பெயர், நிறம், குண்டு, நடை எல்லாவற்றையும் சேர்த்தே பேசுங்கள். தனியாக இதை மட்டும் எடுத்தால் "எந்தப் பிள்ளைக்காக?" என்று கண்கள் தேட ஆரம்பித்துவிடும்.

நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும்போது என்ன சொல்லி அனுப்புவது என்பதை மே மாதமே யோசியுங்கள். மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்பதைத் தவிர ஒரு சொல்லும் கூடுதலாக வேண்டாம். அங்கே தெரிந்த ஆசிரியர் இருந்தால், பிள்ளையைக் கேட்டுக்கொண்டு ஒரு போன் போடுங்கள். "இந்தப் பிள்ளை இங்கே கொஞ்சம் தொந்தரவு பட்டது, இடைவேளையில் ஒரு கண் வையுங்கள்" என்றால் போதும். "ஏன், என்ன விஷயம்?" என்று அவர் கேட்பார். "மூணு பசங்க கழிப்பறையில் சட்டையைக் கிழிச்சாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.